கடலில் கொட்டிய எண்ணெயும் ராஜபாளையத்துப் பஞ்சும்

கடலைப் பற்றி விசாரிப்பதற்காகக் கடலே இல்லாத ஊருக்குப் போனேன் என்று சொன்னால் வாசகிகள் சிரிக்கக்கூடும். ராஜபாளையத்தில் நின்றுகொண்டு எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் கிடையாது. மேற்கே மேகம் தவழும் மலைத் தொடர். கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி நான் போனது ஒரு கடல் சமாசாரத்துக்காகத்தான்.

2017-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று ‘டான் காஞ்சிபுரம்’. பெட்ரோலியச் சரக்கு ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. மற்றொன்று ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, சமையல் எரிவாயுக் கப்பல், துறைமுகத்தை விட்டுக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. உயிர்ச் சேதம் இல்லை. சுற்றுச்சூழலுக்கும் சேதம் இல்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து வந்த முதல் செய்தி சொல்லிற்று. ஆனால் கடலுக்கு அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியவில்லை! ஓரிரு நாளில் எர்ணாவூர்ப் பக்கத்துக் கரையில் பாறை இடுக்குகளெல்லாம் கரேலென்று தார் மாதிரி எண்ணெய் வந்து அடைந்துகொண்டது.

அப்புறம் நடந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டு வந்தார்கள். குழம்பின் கெட்டியில் அவை திணறின. கடைசியில் கடலோரக் காவல் படையினர், துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கலம் அனுப்பும் தேசத்தில் வாளியா என்று பலர் கேலி செய்தார்கள். அந்த வாளிதான் அன்றைக்கு வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டணத்து வீடுகளில் மீன் வாங்குவது சட்டென்று குறைந்துபோயிற்று. கூடையைத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு அந்த மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதில் என் மனத்தில் தைத்தது ஒரு கேள்வி. கொட்டிய எண்ணெய் எவ்வளவு? முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு இருபது டன் என்ற பேச்சு வந்தது. எல்லாம் அடங்கிய பின் பார்த்தால் கணக்கு 200 டன்னை ஒட்டி நின்றது. பூஜ்யத்திலிருந்து இருநூறுக்குப் போகிற கணக்கு என்ன கணக்கு?

‘அளவு என்னவாயிருந்தால் என்ன, அள்ளிப் போட வேண்டியதுதானே?’ என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. எத்தனை ஆள், எத்தனை படகு, எவ்வளவு நாள், யாருக்கு எவ்வளவு நஷ்ட ஈடு, எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. 2010-இல் அமெரிக்காவை அடுத்த மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துப் பதினொரு பேர் மாண்டார்கள். கிணறு 87 நாள் கடலுக்கடியில் கக்கிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் தினம் ஆயிரம் பீப்பாய் என்றார்கள். சில நாளில் ஐயாயிரம் என்றார்கள். விஞ்ஞானிகள் கடலடியில் எடுத்த சலனப் படத்தைப் பார்த்து எண்ணெய் பீறிடும் வேகத்தைக் கணக்கிட்டபோது அது ஐம்பதாயிரத்தையும் தாண்டிற்று! ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அந்நாட்டுச் சட்டப்படி கொட்டிய ஒவ்வொரு பீப்பாய்க்கும் இத்தனை டாலர் என்று அபராதம். ஆகவே கம்பெனி 24½ லட்சம் பீப்பாய் என்று வாதாடியது; சர்க்கார் 42 லட்சம் என்றது. 2015-இல் நீதிபதி 31 லட்சத்து 90 ஆயிரம் என்று தீர்ப்புச் சொன்னார். கடல் தண்ணீரில் கலந்துவிட்டதை நீதிமன்றத்தில் படிபோட்டு அளந்த கதை இது.

இந்த யோசனையோடுதான் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆண்டாளைச் சேவித்துவிட்டு, திருமுக்குளத்தை நோக்கி நடந்தேன். மார்கழியில் இங்கே நீராட்டு உற்சவம் விசேஷம். மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும். நான் போனபோது உற்சவம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் கேள்விக்குக் குளக்கரையிலேயே பதில் தேடிய ஒருவர் நினைவுக்கு வந்தார்.

அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். லண்டனை அடுத்த கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுப் பார்த்தார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி போல் அலையில்லாமல் ஆக்கிவிட்டது! 1774-இல் அதை எழுதியும் வைத்தார். இன்று ஆகாயத்திலிருந்து ராடார்க் கருவியால் கடலைப் படமெடுக்கும் செயற்கைக் கோள்களுக்கும் இதுதான் ஆதாரம். எண்ணெய் படிந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடுவதால் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

பரப்பு தெரிந்துவிட்டால் போதாது. கனம் தெரிய வேண்டும். கனத்தைச் சொல்வது நிறம். மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் வானவில் மாதிரி ஒன்று மினுக்குமே, அதுதான். வடகடலைச் சுற்றியுள்ள ஐரோப்பிய நாடுகள் பான் நகரத்தின் பெயரால் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு இதற்கு அட்டவணையே போட்டு வைத்திருக்கின்றன. விமானத்திலிருந்து பார்க்கும்போது வெள்ளிப் பூச்சாகத் தெரிந்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறமானால் 300 முதல் 5,000 வரை. எண்ணெயின் சொந்தக் கறுப்பே விட்டுப்போகாமல் தெரிந்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக்கு வாங்கும் டின்னில் இரண்டரை டின் எண்ணெய் ஒரு சதுர கிலோமீட்டர் கடலையே வெள்ளி முலாம் பூசிவிடும்! எண்ணூரில் கொட்டியதோ, அதே ஒரு சதுர கிலோமீட்டரைக் கன்னங்கரேலென்று மூடப் போதுமான எண்ணெய். வானவில் நிறம் ஒன்றுக்குள்ளேயே கணக்கு பதினாறு பங்கு முன்பின்னாக ஆகலாம். விமானத்திலிருந்து பார்க்கிறவர் வெள்ளி என்கிறாரா, வானவில் என்கிறாரா என்பதில் மீனவர் குடும்பத்தின் நஷ்ட ஈடு ஊசலாடுகிறது.

சரி, கரையில் அள்ளியதை நிறுத்துப் பார்த்துவிடலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். இதை எனக்குப் புரிய வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடை. சுடச் சுட ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, ‘இதற்கு எவ்வளவு பால் ஆயிற்று?’ என்று கேட்டேன். கடைக்காரர், “அது பாலைப் பொறுத்தது, அடுப்பைப் பொறுத்தது, கிண்டுறவனைப் பொறுத்தது, சார்” என்றார். கடல் எண்ணெயும் இப்படித்தான், ஆனால் தலைகீழ். பால் வற்றிக் குறைகிறது. எண்ணெயோ அலையில் கடைபட்டுக் கடைபட்டுத் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு பெருகுகிறது. வெண்ணெய் உருக்கும்போது சடசடவென்று வெடிக்கிறதே, அது வெண்ணெய்க்குள் ஒளிந்திருந்த தண்ணீர். அதே மாதிரிதான். ஒரு பங்கு எண்ணெய் மூன்று நான்கு பங்கு குழம்பாகிவிடும். கரைக்கு வந்தால் மணலும் சேர்ந்துகொள்ளும். வாளிகளை எண்ணி எண்ணெயைக் கண்டுபிடிப்பது, வெண்ணெயை நிறுத்து நெய்க்குக் கணக்குப் போடுவது போல. மெல்லிய எண்ணெயானால் ஒரு பங்கு ஆவியாகவும் போய்விடும். கப்பல் தொட்டியில் முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோல் விட்டுக் கழித்துப் பார்ப்பதுதான் ஓரளவு நம்பத்தக்க வழி.

பால்கோவாவை முடித்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஏறி உட்காருவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. விஜயநகர காலத்தோடு தொடர்பு சொல்லும் ராஜுக்கள் குடியேறிய ஊர். சென்னை மாகாணத்துக்கு 1949 முதல் 1952 வரை முதல் மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா பிறந்த ஊர். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸை ஏற்படுத்திய பிறகு இது பஞ்சின் ஊராகிவிட்டது. நாய்க்கும் பேர் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளை நாய் ஒன்று என்னைப் பார்த்த பார்வையில் நான் நடையைத் துரிதப்படுத்தினேன் என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

நான் தேடிப் போனது பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியை. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி இங்கே வீதிக்கு வீதி தறியில் ஓடுகிறது. சல்லடை மாதிரி மெல்லிய துணி. தறி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

“எண்ணெயை உறிஞ்சவா? எங்க துணி தண்ணியில்ல உறிஞ்சும்!” என்றார் அவர். பருத்திப் பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. செடியிலிருந்து வந்த பஞ்சு தண்ணீரில் நனையாமல் மிதப்பது அதனால்தான். காரம் போட்டு வேகவைத்து அந்த மெழுகை நீக்கி வெளுத்தால்தான் ரத்தத்தை உறிஞ்சும் மருத்துவப் பஞ்சாகும். தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்கு வைத்திருக்கும் பரீட்சை.

அண்ணாச்சியின் சம்சாரம் உள்ளேயிருந்து இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்தார். ஒன்றில் வெள்ளைப் பஞ்சு. பத்து எண்ணுவதற்குள் மூழ்கிற்று. மற்றதில் வெளுக்காத பஞ்சு; அன்னம் மாதிரி மிதந்தது. அதன் பக்கத்தில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயை விட்டோம். பஞ்சு எண்ணெயைத் தன்பால் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. பிழிந்தால் எண்ணெய் திரும்பக் கிடைத்தது.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, தம்பி? வெளக்குத் திரிக்கு நான் என்னிக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சைத் தொட்டேன்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருக்கும் சேஷாத்ரி ராம்குமாரும் அவருடைய குழுவினரும் இதையே ஆராய்ந்து, நூற்புக்கு அவ்வளவாக உதவாத முதிராத பஞ்சு தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயை ஏந்தும் என்று 2013-இல் வெளியிட்டார்கள். தலையணைக்கு அடைக்கும் நம் இலவம் பஞ்சுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர் காக்கும் மிதவைகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள்.

அண்ணாச்சி காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டார். 200 டன் எண்ணெய்க்கு முப்பதில் ஒரு பங்கு என்றால் ஏழு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பேல் 170 கிலோ. “நாப்பது பேல்! ஒரு லாரி லோடு!” என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொன்னேன். முப்பது மடங்கு என்பது ஆய்வுச் சாலைக் கணக்கு. எண்ணூரில் கொட்டியது தார் போன்ற கனத்த எண்ணெய். அது தண்ணீரைக் குடித்துக் குழம்பாகிவிட்டால் பஞ்சுக்குள் இறங்காது, மேலே அப்பிக்கொள்ளும். கொட்டிய முதல் சில மணி நேரத்துக்குள், எண்ணெய் இன்னும் நீர்க்க இருக்கையில், பஞ்சு அங்கே போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அந்த முதல் மணி நேரத்தில்தான் சேதம் ஒன்றுமில்லை என்று அறிக்கை விட்டுக்கொண்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அப்போதும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து குவளையால் மொண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

அண்ணாச்சி காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அது கிடக்கட்டும். எண்ணெய் குடிச்ச பஞ்சை அப்புறம் எங்கே கொண்டு போய்ப் போடுவீங்க?”

2017-இல் அள்ளிய குழம்பைத் துறைமுக வளாகத்தில் குழியில் கொட்டி, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை விட்டு மட்கச் செய்தார்கள் என்று சொன்னேன். எண்ணெயைத் தின்னும் பூச்சியா என்று அந்த அம்மாள் மூக்கில் விரலை வைத்தார். அண்ணாச்சி மட்டும் விடவில்லை.

“சரி, பஞ்சை நாங்க தர்றோம். லாரி வாடகை யார் கணக்கு?”