சமன்பாட்டை நடக்கவைத்தவருக்கு

மதிப்பிற்குரிய ஜிம் பிளின் அவர்களுக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடக் காணொளிகளுக்கு அசைவுப்படம் செய்வது என் தொழில். அதில் எனக்கு வாய்த்த நல்ல பழக்கங்களில் பெரும்பாலானவை உங்கள் வேலையைப் பார்த்துக் கற்றவை.

வாயேஜர் விண்கலங்கள் 1979இல் வியாழனைக் கடந்தபோது, அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று பாசடீனாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலிருந்து கணினிப் படமாகக் காட்டினீர்கள். உலகம் உங்களை அதற்காக நினைவில் வைத்திருக்கிறது. கார்ல் சாகனின் ‘காஸ்மோஸ்’ தொலைக்காட்சித் தொடருக்குச் செய்த படங்களுக்காகவும்தான். நான் நன்றி சொல்ல வந்தது இன்னொன்றுக்கு. கால்டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டைன் நடத்திய இயற்பியல் பாடத்திலிருந்து உருவாகி, 1985 முதல் ஒளிபரப்பான ‘தி மெக்கானிக்கல் யுனிவர்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு நீங்கள் செய்த அசைவுப்படங்களுக்கு. அந்தத் தொடரில் மொத்தம் 52 பகுதிகள்.

எங்கள் வகுப்பறைகளில், “இந்தப் பக்கம் பிளஸ்னா அந்தப் பக்கம் போனா மைனஸ்” என்று சொல்லித்தருவார்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பாடநூலிலும் விடை இருக்காது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குகிறது. நடுவில் நடந்தது அச்சில் இல்லை. நீங்கள் அந்த நடுவைத்தான் படமாக்கினீர்கள். சமன்பாட்டின் உறுப்பு தன் இடத்தை விட்டுக் கிளம்புகிறது, சமக்குறியைத் தாண்டுகிறது, மறுபுறம் போய் அமர்கிறது. எது எங்கே போனது என்பதைக் கண் தொடர்ந்து பார்க்கிறது. அதை நீங்கள் ‘இயற்கணித பாலே’ என்று அழைத்தது எவ்வளவு பொருத்தம்! கணக்கைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகூட அதைப் பார்த்தால் முகம் மலரும்.

இன்றைய மென்பொருளில் எதையும் பறக்கவிடலாம், சுழலவிடலாம். அதனாலேயே பெரும்பாலான பாடப்படங்களில் காரணமில்லாத துள்ளல்தான் மிஞ்சுகிறது. உங்கள் திரையிலோ கணக்கு நகரும்போதுதான் எழுத்து நகரும். நிறமும் அப்படித்தான், அழகுக்காக மட்டும் வருவதில்லை. அந்தக் காலக் கணினிகளின் வேகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும் அளவுக்கு இத்தகைய படங்களைச் செய்திருக்கிறீர்கள். பார்ப்பவர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறை இல்லாமல் அது நடந்திருக்காது.

பிறகு, கணிதவியலாளர் டாம் அப்போஸ்டலுடன் சேர்ந்து நீங்கள் செய்த ‘புராஜெக்ட் மேத்தமேட்டிக்ஸ்!’ என்ற கணிதக் காணொளித் தொடர். பிதாகரஸ் தேற்றத்தின் பரப்புகள் கண்ணெதிரே வடிவம் மாறுவதை அதில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மென்பொருளைக் கற்றுத்தருவதற்கு முன்பே உங்கள் தொடரைப் போட்டுக்காட்டுகிறேன்.

அன்புடன்,
பாடப்படம் செய்யும் ஒருவர்