பின்பலகை

காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்குப் படகு என்றாலே பரிசல்தான் நினைவுக்கு வரும். மூங்கிலை வளைத்துப் பின்னி, தோலை இழுத்துப் போர்த்தித் தார் பூசிய வட்டக் கூடை அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பக்கம் போகிறதோ அதுவே முன்பக்கம். ஆகவே அதற்குப் பின்பலகை கிடையாது. அது இற்றுப் போகுமே என்ற கவலையும் கிடையாது.

மோட்டாரோடு வந்த கவலை இது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து கட்டுமரங்களையும் வள்ளங்களையும் வாரிக்கொண்டு போன பிறகு, நம் கடற்கரைகளில் பைபர் படகுகள் பெருகிவிட்டன. பைபர் என்றால் முழுவதும் பைபர் என்று எண்ணிவிடக் கூடாது. பல படகுகளில், மோட்டார் மாட்டுகிற அமரத்தில், இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே ஒரு மரப்பலகை மறைந்திருக்கிறது. மோட்டாரின் கனமும் உதைப்பும் அதன் தலையில்தான்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம் எனக்குத் தெரிந்த வலைக்காரப் பையன் ஒருவன், கடன் வாங்கி நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து அப்படி ஒரு பழைய படகை லாரியில் ஏற்றி வந்தான். மீன் பிடிக்கத்தான். வெள்ளம் வந்தால் தாழ்வான தெருக்களில் அகப்பட்டவர்களை ஏற்றி வரவும் ஆகும் என்றான். விற்றவரின் தோப்பில் இரண்டு மழைக்காலம் சும்மா கிடந்த படகு. மோட்டாரை மாட்டியதும் பின்பலகை மெல்ல அசைந்தது.

வயதான ஆசாரி ஒருவர் வந்தார். சுத்தியல் கட்டையால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். முதலில் 'டங் டங்' என்றது. நடுவில் வந்ததும் 'பொத்' என்றது. சின்னத் துளை போட்டுப் பார்த்தார். காப்பித் தூளை நனைத்த மாதிரி ஈரத் தூள் வந்தது.

"பலகை போயிடுச்சு தம்பி."

"மேலாக ரெண்டு பூச்சுப் பூசிடலாமே, ஆசாரியாரே? வட்டியே இன்னும் கட்டலை."

"பூசலாம். பளபளன்னுதான் இருக்கும். வெள்ளத்திலே மோட்டாரோட பலகையும் பிச்சுக்கிட்டுப் போனா, ஏறின ஜனத்துக்கு யார் பதில் சொல்றது?"

பையன் பேசவில்லை. மறுநாள் மோதிரத்தை அடகு வைத்து, 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் வாங்கி வந்தான்.

உள்தோலை மட்டும் ஓரம் விட்டு அறுத்தெடுத்தார் ஆசாரி. வெளித்தோல் வடிவத்துக்காக அப்படியே நின்றது. இற்ற மரத்தை உளியால் முழுவதும் சுரண்டி, பல நாள் காயவிட்டார். அட்டையில் அளவு வெட்டி, அதன்படி பிளைவுட்டை அறுத்து, இரண்டு பலகைகளை எபாக்ஸி பூசி ஒன்றாக ஒட்டி, கிளாம்பு போட்டு இறுக்கினார். மூலைகளை ரெசின் குழம்பால் வழித்து நிரப்பி, படகின் பக்கங்கள்மீதும் ஏறும்படி கண்ணாடி இழை மேட்டை அடுக்கடுக்காக ஒட்டினார். போல்ட்டுக்கான துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் சின்னத் துளை போட்டார். போல்ட்டு மரத்தைத் தொடவே கூடாதாம். முன்பு அந்தத் துளை வழியாகத்தான் மழைநீர் இறங்கியிருக்கிறது.

"கடலில் ஓடின படகை மழைத் தண்ணியா கெடுக்கும்?" என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி மரத்துக்கு ஊறுகாய் போட்ட மாதிரிங்க. நல்ல தண்ணிதான் இற்றுப் போக வைக்கும்" என்றார்.

உண்மைதான். மரத்தை உளுக்க வைக்கும் காளானுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கிணற்றடியில் முழுக்க மூழ்கிக் கிடக்கும் நெல்லிப் பலகை தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. உலர்ந்த உத்தரமும் நிற்கிறது. அரைகுறையாக நனைந்து, காயவும் வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்ட மரம்தான் சாகிறது.

மூடிய தோலை நம்பக் கூடாது என்பதை எங்கள் ஊர் பெரிய அளவிலும் பார்த்திருக்கிறது. முக்கொம்பில் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. மேலிருந்த பாலமும் சேர்ந்து சரிந்தது. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. பழசாகிவிட்ட எதையும் அவ்வப்போது தட்டிப் பார்க்க ஒரு ஆசாரி வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க ஒரு மனசும் வேண்டும்.

அந்தப் பையன் இப்போது மாதம் ஒருமுறை பின்பலகையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறான். மோதிரம் இன்னும் அடகில்தான் இருக்கிறது. சத்தம் நன்றாக இருக்கிறது.