ஆறில் ஒன்று

ஒரு ஜூலை மாத முற்பகலில், கராமா மீன் சந்தை வாசலில் அந்த வண்டி நின்றுபோனது. ஆரஞ்சு நிற டாட்சன் 240 இசட். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கைகள். ஓட்டி வந்தவர் கந்தூரா அணிந்த எமிராத்தி முதியவர். பின்னால் வரிசையாக ஹார்ன் சத்தம். மீன் பையைக் கடை நிழலில் வைத்துவிட்டுத் தள்ளப் போன நான்கைந்து பேரில் நானும் ஒருவன்.

பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. கடைக்காரரிடம் இரண்டு பழைய துணி வாங்கி, மீன் வைக்கும் ஐஸ் தண்ணீரில் நனைத்து, ஒன்றைப் பெட்ரோல் பம்பிலும் மற்றதைக் கார்புரேட்டர்கள் மேலும் சுற்றினேன். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. “இதை எங்கே கற்றாய்?” என்று இந்தியில் கேட்டார். “மதராஸில், அப்பாவிடம்” என்றேன்.

சித்திரை வெயிலில் அம்பாசடர் நின்றால் அப்பா முதலில் தேடுவது ஈரத்துணியைத்தான். புதுப்பேட்டையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கார்புரேட்டர் வேலை மட்டும்தான் பார்ப்பார். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எதுவாக இருந்தாலும், நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு இன்னொரு ஸ்க்ரூடிரைவரால் கால் திருகு. அவ்வளவுதான்.

2000 வாக்கில் மாருதி 800-இன் முதுகில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் வந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, புதுக் கார்களில் கார்புரேட்டர் இல்லாமலே போனது. அப்பா அந்தப் பேரைச் சொல்லவே மாட்டார். “எழுத்து போட்ட வண்டி” என்பார். எழுத்து போட்ட வண்டிகள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். 2007-இல் கராமாவில் ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் மேல்கட்டில் கிடைத்தது. அல் கூஸில் ஒரு பட்டறையில், எழுத்து போட்ட வண்டிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் வேலை. அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா, அவ்வளவே.

அடுத்த வாரம் முதியவர் பட்டறைக்கே வந்துவிட்டார். 1972-இல் வாங்கிய வண்டியாம். “கோடையிலும் ஓட வேண்டும். கார்புரேட்டரை எடுத்துவிடு” என்றார்.

அவர் வண்டிக்கு வந்தது நோய் அல்ல, அமைப்பிலேயே உள்ள சிக்கல். அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர்கள் இரண்டும் புகைக்குழாய்க்கு நேர் மேலே, அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் போல உட்கார்ந்திருக்கின்றன. வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து வழியும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கேட்க வேண்டுமா? இன்ஜெக்ஷனில் பெட்ரோல் மூன்று பார் அழுத்தத்தில் இருப்பதால் எளிதில் கொதிக்காது. தேவை போக மிஞ்சியது ஓரிடத்தில் தங்காமல் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.

பாதி வேலையை டாட்சன்காரர்களே செய்து வைத்திருந்தார்கள். அதே எஞ்சின் குடும்பத்தில் 1975-இல் அமெரிக்காவுக்குப் போன 280 இசட், எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனோடு வந்தது. அதன் மேனிஃபோல்டு ஒன்று கிடைத்தது. போல்ட் துளைகள் அப்படியே பொருந்தின. டேங்குக்குத் திரும்பும் குழாய், புதுப் பம்பு, கிராங்க் கப்பியில் பல்சக்கரம், அதை எண்ணும் சென்சார், காற்றழுத்தத்துக்கு ஒன்று, காற்றின் சூட்டுக்கு ஒன்று, தண்ணீரின் சூட்டுக்கு ஒன்று, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், இதற்கெல்லாம் ஒயரிங் என்று ஆறு ஞாயிறுகள் போயின. கழற்றிய கார்புரேட்டர்களைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினேன். தூக்கி எறியச் சொல்லியிருந்தார் முதியவர். கராமாவுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

பிறகு லேப்டாப்போடு உட்கார்ந்தேன். திரையில் பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள். எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது பாடப்புத்தகக் கணக்கு. மீட்டர் அதைச் சுற்றியே நின்றது. ஆனாலும் ஐட்லிங்கில் வண்டி சன்னமாகக் குலுங்கியது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மீட்டர் சரி என்றது, இருக்கை இல்லை என்றது.

இங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது, குரல்பதிவு அனுப்பலாம். எந்தத் துணிச்சலில் அனுப்பினேனோ, ஒரு நிமிட ஐட்லிங் சத்தத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு அவரது குரல்பதிவு வந்தது. “ஆறுல ஒண்ணு பட்டினி கெடக்குதுடா. மத்ததுக்கு மேல மேல ஊத்திக்கினு இருக்க.”

எனக்கு உறைத்தது. சென்சார் இருப்பது ஆறு குழாய்களும் ஒன்றுசேர்ந்த பிறகு. அது காட்டுவது சராசரி. எங்கள் அறையின் மெஸ் கணக்கும் அப்படித்தான். மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று சரியாக வரும். இரவு ஷிஃப்டிலிருந்து வருபவர் காலிப் பானையைப் பார்த்துவிட்டுப் படுத்தது கணக்கில் வராது. முதல் வருஷம் அந்த ஆள் நான்தான்.

மறுநாள் மேனிஃபோல்டு ஓரமாகக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிக்கொண்டே போனேன். நான்காவது சிலிண்டர் அருகே எஞ்சின் ஓட்டம் மாறியது. கேஸ்கெட் அங்கே ஒரு நூல் விலகியிருந்தது. பொருத்தியவன் நான். அந்த இடுக்கு வழியாக வந்த காற்று நான்காவதை மட்டும் வறளச் செய்ய, கம்ப்யூட்டர் ஆறுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றியதும் குலுங்கல் நின்றது.

அன்றிரவு போட்டிமில் அப்பாவைக் கூப்பிட்டேன். சம்பளம், சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்தபின் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எஞ்சின் ஜில்லுனு இருக்கறது அதுக்கு எப்படிடா தெரியும்?” என்றார்.

“தண்ணி ஓடற எடத்துல சென்சார் இருக்குப்பா. ஜில்லுனு இருந்தா பெட்ரோல் கூடுதலா விடும்.”

“சோக்கு.”

“ஆமாம்பா.”

“சட்டுனு மிதிச்சா?”

“அதுக்கும் ஒரு சென்சார் இருக்கு. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமா விடும்.”

“ஆக்சிலேட்டர் பம்பு.” கொஞ்சம் நிறுத்தி, “அப்ப எல்லாம் அதேதானே. அந்த எழுத்தைப் பாத்து இத்தினி வருஷம் பயந்துக்கினேனே” என்றார்.

அறையில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். போனோடு படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். இந்திய நேரம் இரண்டு மணி தாண்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த லீவில் அந்த இரண்டு கார்புரேட்டர்களையும் கொண்டுவரவா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இங்க மூட்டை மூட்டையா கெடக்குது. கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒண்ணு கெடைச்சா எடுத்தா. தொறந்து பாக்கணும்.”