‘சீனா, 1944’ என்று எழுதியிருந்த படங்கள்

அப்பா ஆல்பத்தில் எழுதிவைத்த குறிப்புகள் தந்தி வாசகத்தைவிடச் சுருக்கம். ‘சீனா, 1944’, ‘மலைப்பாதை’, ‘நம்ம பையன்கள்’. அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் யுன்னான் மாகாணத்தில் அமெரிக்க விமானப்படை மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் போரைப் பற்றிப் பேசியதே கிடையாது. அவர் மறைந்து பல வருடங்கள் கழித்து, அந்தப் படங்களை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு மகள் குன்மிங்கில் வந்திறங்கினார்.

விமானங்கள் இருந்த படங்களை ஊரிலேயே ஓரளவு வகைப்படுத்தியிருந்தார். அமெரிக்க விமானத்தின் நட்சத்திரத்துக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை இருந்தால், படம் 1943 கோடைக்குப் பிந்தையது. சுறா வாய் வரைந்த பி-40 விமானம்தான் ஆளை ஏமாற்றும். இறக்கையில் சீனச் சூரியன் இருந்தால், அமெரிக்கத் தளபதி ஷெனால்டின் ‘பறக்கும் புலிகள்’ தன்னார்வப் படை என்று மனம் துள்ளும். அந்தப் படை 1942 ஜூலையிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1943 இறுதியில் உருவான சீன-அமெரிக்கக் கூட்டு விமானப் பிரிவும் அதே சூரியனோடு, அதே சுறா வாயோடு பறந்தது. அப்பாவின் படத்தில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

குன்மிங்கில் கட்டடங்கள் கைகொடுக்கவில்லை. படத்தில் கம்பீரமாக நிற்கும் பொற்குதிரை, பச்சைச் சேவல் தோரண வாயில்கள் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இடிக்கப்பட்டவை. இன்று இருப்பவை 1990களின் இறுதியில் திரும்பக் கட்டியவை. அப்பா வேலை பார்த்த வூஜியாபா விமான நிலையம் 2012இல் மூடப்பட்டது. கைகொடுத்தது மலைதான். தியென்ச்சி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், படத்தில் சிரிக்கும் வீரர்களைப் பொருட்படுத்தவே இல்லை. அவர்கள் தலைக்குப் பின்னால் ஓடிய மலை முகட்டின் விளிம்பை விரலால் தடவிக் காட்டி, நிமிர்ந்து எதிரே கையை நீட்டினார். மேற்கு மலை. பெண்ணொருத்தி மல்லாந்து படுத்திருப்பதுபோல் தெரிவதால் ஊர்க்காரர்கள் அதைத் தூங்கும் அழகி என்பார்கள்.

‘மலைப்பாதை’தான் பெரிய புதிர். செங்குத்துச் சரிவில் மடிந்து மடிந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், அவற்றில் வரிசையாக ராணுவ லாரிகள். உலகமெங்கும் இது, பர்மாவையும் யுன்னானையும் இணைத்த பர்மா சாலை என்றே அச்சானது. பலர் யுன்னானில் தேடியும் இடம் சிக்கவில்லை. 2002இல்தான் யுன்னானைச் சேர்ந்த ஆய்வாளர் கெ ஷுயா, இது குன்மிங்குக்குக் கிழக்கே பக்கத்து மாகாணமான குய்சோவில், சிங்லோங் என்ற ஊரருகே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இந்தியாவிலிருந்து இமயத்தின் மேல் பறந்தும் பர்மா வழியாகத் தரையிலும் குன்மிங் வந்த சரக்கு, சோங்கிங்குக்குப் போன வழி இது. மொத்தம் 24 வளைவுகள்.

சிங்லோங் சென்று, எதிர்மலைப் பார்வை மேடையிலிருந்து வளைவுகளை எண்ணிச் சரிபார்த்த பிறகு, அமெரிக்க ராணுவ ஆவணக் காப்பகப் புகைப்படத்தை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மகள். ஒவ்வொரு லாரியும் அதே வளைவில், அதே இடத்தில். அப்பாவிடம் இருந்தது 1945இல் ராணுவப் படப்பிடிப்பாளர் எடுத்த படத்தின் பிரதி! வீரர்கள் இப்படிப் பிரதிகளைக் கைமாற்றிக்கொள்வது சகஜம். அப்பா இங்கே வந்தாரா என்பதற்கு ஆல்பத்தில் சான்றில்லை. ஆல்பத்தில் எழுதியிருந்த 1944 என்ற ஆண்டும் தப்பு.

மனிதர்களை அடையாளம் காணும் விஷயத்தில் நியாயமே இல்லை. ஷெனால்டின் சுருக்கம் விழுந்த முகத்தை எந்தப் புத்தகமும் காட்டிக்கொடுத்துவிடும். ஓடுதளத்தைச் சமன்செய்ய ஆளுயரக் கல் உருளையைக் கயிறு கட்டி இழுக்கும் கூட்டத்தில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. சீன ஓடுதளங்களை உருவாக்கியவர்கள் இவர்களைப் போன்ற லட்சக்கணக்கான கிராமத்துக் கூலியாட்கள்.

கடைசிப் பக்கத்தில் மூங்கில் குடிசை முன் அப்பா நிற்கிறார், சுற்றிலும் தேயிலைச் செடிகள். யுன்னானிலும் தேயிலை உண்டு என்பதால் இதையும் மகள் சீனக் கணக்கில்தான் வைத்திருந்தார். பின்னணியில் ஒரு பலகை. பெரிதாக்கிப் பார்த்தால் சாபுவா என்று எழுத்து. அசாம். இமயத்தைத் தாண்டும் விமானங்கள் கிளம்பிய தளங்களில் ஒன்று. அடுத்து அங்கே போகலாம்தான், ஆனால் சாபுவா இன்றும் இந்திய விமானப்படைத் தளம். அப்பாவின் ஆல்பத்தைக் காட்டினால் காவலர் வாயிலைத் திறந்துவிடப் போவதில்லை.