ஐந்து வாற்றுப் பெட்டி

மாணவனொருவனின் உயிரை ஓர் இறப்பர்ச் செருப்புக் காத்த கதையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

அவன் உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்பவன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன். கோயிற் பாடகர் குழுவினர் கழித்துவிட்ட மின் கிற்றார் ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. மின் கிற்றாருக்குச் சொந்தக் குரல் இல்லை. அதன் உடல் திண்ணிய பலகை. நரம்புகளின் அதிர்வை அவற்றின் கீழுள்ள காந்தச் சுருள் மிகச் சிறிய மின்னலையாக மாற்றும். ஒரு வோல்ற்றிற் பத்திலொரு பங்கு என்று சொல்லலாம். அதனை ஒலியாகக் கேட்பதற்கு விரியலாக்கி வேண்டும். ஊரார் 'அம்ப்' என்று சுருக்கிச் சொல்லும் அப்பெட்டியை வாங்க அவன் வீட்டிற் பணமில்லை.

"அப்பப்பாவின்ரை வால்வு றேடியோ ஒண்டு வீட்டிலை கிடக்குது சேர். பின்னாலை கிராமபோன் பூட்டுற ஓட்டையும் இருக்கு. அதுக்குள்ளை கிற்றாரைக் குடுத்தால் பாடாதோ?" என்று என்னைக் கேட்டான்.

நான் தமிழாசிரியன். பல்கலைக்கழகத்திற் சங்க இலக்கியம் பயின்றேனேயன்றி வால்வு றேடியோவின் வயிற்றைக் கண்டவனல்லேன். ஆயினும், "முயன்று பார்" என்றேன். மாணவரின் தன்முயற்சிக்கு ஊக்கமளிக்கும் ஆசிரியன் என்ற பெருமிதம் அச்சொல்லில் இருந்தது, அறிவு இருக்கவில்லை.

றேடியோ பாடியது. இரண்டு நாள் பாடியது. மூன்றாம் நாள் மாலை, மழையில் நனைந்து வந்தவன் அப்படியே கிற்றாரை எடுத்திருக்கிறான். செருப்பின் விளிம்பைத் தாண்டிய பெருவிரல் ஈரச் சீமெந்தைத் தீண்டிய கணத்தில் மின்சாரம் அவனைத் தூக்கி உதறியது. செருப்பில்லாமல் நின்றிருந்தால் நரம்பிலிருந்து அவன் கை விடுபட்டிருக்குமோ என்பது ஐயமே. மறுநாள் அவன் இதனைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

அடுத்த நாள் அந்த றேடியோவைச் சுமந்துகொண்டு இருவரும் சந்தையடிக்குச் சென்றோம். அங்கே எழுபது வயதைக் கடந்த றேடியோ திருத்துநர் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார். இன்று அவரிடம் வருவன கைபேசி மின்னேற்றிகளும் சோறு சமைக்கும் கலங்களுமே. 1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாடு இருளில் கிடந்தபோது, மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் செய்தி கேட்டார்களே, அந்தப் பெட்டிகள் பலவற்றை உயிரோடு வைத்திருந்த கைகள் அவருடையவை. அவர் றேடியோவின் முதுகைத் திறந்து ஒருமுறை பார்த்தார். மூடிவிட்டார்.

"மாஸ்ரர், உது நிலைமாற்றி இல்லாத செற். சுவரிலை இருந்து வாற வயர் ஒண்டு நேர இந்தத் தகட்டிலைதான் பூட்டியிருக்கு. பொடியன் கிற்றார் வாசிக்கேல்லை. மெயின்ஸ் கம்பியை வாசிச்சிருக்கிறான்."

பின்னர் அவர் விளக்கினார். நேர்மின்னிலும் ஆடன்மின்னிலும் இயங்கத்தக்கதாக, மலிவாகச் செய்யப்பட்ட றேடியோக்கள் பலவற்றில் மின்னிலைமாற்றி கிடையாது. அவற்றின் உலோகத் தகட்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையில் தடுப்பேதும் இல்லை. பேக்கலைற் குமிழ்களும் பின்புற அட்டையுமே பாவிப்பவரைக் காத்து நின்றன. கிராமபோன் துளைக்கும் தகட்டுக்கும் இடையே கொள்ளளவி ஒன்று காவலாக இருக்கும். அறுபதாண்டு முதுமையில் அது கசியத் தொடங்கிவிடும். எங்கள் பெட்டியில் நிகழ்ந்ததும் இதுவே. வால்வுகளின் பெயர் 'யூ' என்ற எழுத்தில் தொடங்குமாயின் அப்பெட்டியைக் கிற்றாருக்கு அண்டவும் விடாதே என்று அவர் மாணவனுக்குச் சொன்னார். அவன் எழுதிக்கொண்டான். நானும் எழுதிக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு விரியலாக்கி தேடித் தருவது இனி என் கடன் என்று துணிந்தேன். எதனை வாங்குவது? கடைகளில் நூறு வாற்று, இருநூறு வாற்று என்று எண்ணைப் பெரிதாக எழுதி விற்கிறார்கள். 2022இல் ரூபாய் வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பெட்டிகளின் விலை ஆசிரியச் சம்பளத்தைப் பார்த்து நகைக்கிறது. நம் காது வாற்றுக் கணக்கில் கேட்பதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். வலு பத்து மடங்காகும்போது ஒலியின் உரப்பு ஏறத்தாழ இரு மடங்காகவே நமக்குத் தோன்றுகிறது. ஐம்பது வாற்றுப் பெட்டி ஐந்து வாற்றுப் பெட்டியிலும் பத்து மடங்கு உரத்துப் பாடுவதில்லை. இரு மடங்கே பாடுகிறது. வகுப்பறைக்கும் சிறு மண்டபத்துக்கும் ஐந்து வாற்றே போதும். ஒலிபெருக்கியின் திறன் மூன்று தெசிபெல் கூடுவது வலுவை இரட்டிப்பதற்குச் சமம். ஆகவே பெட்டியின் எண்ணைப் பார்க்குமுன் ஒலிபெருக்கியைப் பார்க்கவேண்டும்.

"வால்விலை ஒண்டு கட்டுவம் மாஸ்ரர். என்னட்டைப் பழைய சாமான் கிடக்கு" என்றார் திருத்துநர்.

எங்கள் ஆசிரிய சங்கத் தோழர் ஒருவர் இதனைக் கேட்டு முகஞ்சுளித்தார். "மேல்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் பழம்பொருள் மோகம் உமக்கும் தொற்றிவிட்டதோ?" என்றார். அவர் கேள்வியிற் பாதி நியாயம் உண்டு. பழைய அமெரிக்கப் பெட்டிகளை இன்று செல்வர்கள் கலைப்பொருள்போலப் பெருவிலை கொடுத்துச் சேர்க்கிறார்கள். ஆனால் அப்பெட்டிகளின் பிறப்பு வேறு. கலிபோர்னியாவின் புல்லர்ற்றன் நகரில் 1938இல் றேடியோ திருத்தும் கடை திறந்தவர் லியோ பென்டர். கிற்றார் வாசிக்கத் தெரியாத அவர் பின்னாளில் 'சாம்ப்' என்ற சிறு விரியலாக்கியைச் செய்தார். 1950களின் பிற்பகுதியில் வந்த சாம்ப் மூன்றே வால்வும் ஒரே குமிழும் ஓர் எட்டங்குல ஒலிபெருக்கியும் கொண்டது. வலு ஏறத்தாழ ஐந்து வாற்று. அது மாணவருக்கென விற்கப்பட்ட பெட்டி. அக்காலப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே ஒட்டப்பட்ட சிறு நாடாத்துண்டில், அதனைப் பற்றவைத்த தொழிலாளப் பெண்ணின் பெயர் கையெழுத்தில் இருப்பதைக் காணலாம். விளம்பரத்தில் அப்பெயர்கள் என்றும் வந்ததில்லை.

மிசிசிப்பியின் பருத்தி வயல்களை விட்டு வடக்கே சென்ற கறுப்பினத் தொழிலாளரின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1943இல் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்த மடி வோற்றர்ஸ், அங்குள்ள மதுச்சாலைகளின் இரைச்சலில் மரக் கிற்றார் எடுபடாமையால் மின் கிற்றாரைக் கைக்கொண்டார். சிறு பெட்டிகள் தம் எல்லைக்கு மேல் முடுக்கப்பட்டபோது பிறந்த கரகரப்பு, பொறியியலாளர் கண்ணிற் குற்றம். உழைத்துக் களைத்தவர் அதனையே தம் குரலாக்கிக்கொண்டனர். தோழரிடம் இதனைச் சொன்னேன். அவர் முழுதும் உடன்படவில்லை. எனினும் புதிய கொள்ளளவிகள் வாங்கத் தம் பங்குக்குப் பணம் தந்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடையில் இருந்தோம். நிலைமாற்றியுள்ள பழைய செற் ஒன்றிலிருந்து அதன் இரு நிலைமாற்றிகளையும், ஈ.எல்.84, ஈ.இசற்.80 என்னும் வால்வுகளையும் திருத்துநர் எடுத்தார். ஈ.சீ.சீ.83 என்ற முதல் வால்வு பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றிலிருந்து வந்தது. அதன் கண்ணாடிக்குள் இரு பகுதிகள். முதற் பகுதி கிற்றாரின் மின்னலையை ஐம்பது மடங்குக்கு மேற் பெருக்கும். குமிழ் அதனை வேண்டிய அளவுக்குக் குறைக்கும். இரண்டாம் பகுதி மீண்டும் பெருக்கி ஈ.எல்.84க்குக் கொடுக்கும். அது ஒற்றை வால்வாக நின்று, ஓயாது மின்னோட்டத்தைத் தாங்கி, வெளியீட்டு நிலைமாற்றி வழியே ஒலிபெருக்கியை அசைக்கும். சுவரிலிருந்து முப்பது, நாற்பது வாற்று இழுத்து ஐந்து வாற்று ஒலியே தருகிறது, எஞ்சியது வெப்பம். சிக்கனக் கணக்கில் இது தோல்வியே.

ஆனால் அதன் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பாடநூலிற் படமாக மட்டும் கண்ட விரியலாக்கியை மாணவன் விரலாற் பின்தொடர்ந்தான்: இங்கே நுழைகிறது, இங்கே பெருகுகிறது, இங்கே வெளியேறுகிறது. சில்லொன்றுக்குள் அடைபட்ட சுற்றில் இவ்வாறு பின்தொடர இயலாது. மூன்று முனைச் செருகியைப் பூட்டி, புவித்தொடுப்பைத் தகட்டில் இறுக்கி, உருகியை வைத்த பின்னரே பெரியவர் மின்சாரத்தைத் திறந்தார். நிறுத்திய பின்னரும் முந்நூறு வோல்ற் அளவில் கொள்ளளவியில் ஒளிந்திருக்கும் என்று சொல்லி, அதனைத் தடையி ஒன்றால் இறக்கிக் காட்டினார். இரண்டாம் முறை அதனை அவன் கையாற் செய்வித்தார்.

பாவிப்பும் எளிது, சில விதிகள் மட்டும் உண்டு. ஒலிபெருக்கியைப் பூட்டாமல் வால்வுப் பெட்டியை இயக்கலாகாது. வெளியீட்டு நிலைமாற்றி எரிந்துவிடக்கூடும். வால்வுகள் சூடேறச் சற்றுப் பொறுக்கவேண்டும். தரையில் வைப்பதைவிடக் கதிரையில் வைத்தால் ஒலி செவிக்கு நேரே வரும். சுவர் மூலைக்கு நகர்த்தினால் கீழ்ச்சுரங்கள் தடிக்கும். பெட்டியின் குமிழை உயர்த்திவைத்துக் கிற்றாரின் குமிழாலும் விரலின் அழுத்தத்தாலும் குரலை ஆளவேண்டும். மெல்லத் தொட்டால் தெளிவாகப் பாடும். வன்மையாகத் தொட்டால் அலையின் முகடு மழுங்கிக் கரகரக்கும். அப்போது மூலச் சுரத்தோடு அதன் மேற்ஸ்தாயியும் கலந்து ஒலிப்பதைக் காது உணர்கிறது.

இதனை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன் என்று எண்ணவேண்டா. பேச்சுக்கும் நாடகத்துக்கும் இது உதவாது. அங்கே தெளிந்த குரல் வேண்டும். பழகுவதற்கு மட்டுமெனின் திரான்சிஸ்டர்ப் பெட்டியே மலிவு, பாரமும் குறைவு. வால்வுகள் இன்று பெரும்பாலும் ருஷ்யாவிலும் சீனாவிலும் சுலோவாக்கியாவிலுமே செய்யப்படுகின்றன; 2022இல் போர் மூண்டபோது ருஷ்ய வால்வுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாட்டு அச்சம் எழுந்தது. பழைய மின்சாதனத்தைத் தக்கவர் துணையின்றித் திறப்பது தற்கொலைக்கு ஒப்பு. இதனை நான் சொல்லக் காரணமுண்டு. "முயன்று பார்" என்று ஒருமுறை சொன்னவன் நான்.

அச்சொல்லைப் பற்றியே பின்னர் நெடுக எண்ணினேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முயன்று பார்க்கும்போது அவனருகே தந்தையோ தனியார் வகுப்பு ஆசிரியரோ நிற்கிறார். ஏழைப் பிள்ளையின் முயற்சிக்கு அருகே ஈரத் தரை மட்டுமே இருக்கிறது. அவனுக்கு ஊக்கமூட்டும் சொல்லைத் தந்துவிட்டு விலகிக்கொள்வது ஆசிரியத் தொழில் ஆகாது. அதே சந்தையடியில், பாடசாலையிலிருந்து கால்மணி நடையில், அறுபதாண்டு அறிவோடு ஒருவர் அமர்ந்திருந்தார். எங்கள் பாடசாலை அவரை ஒரு நாளும் அழைத்ததில்லை; அவரிடம் பட்டமில்லை.

இத்தவணை பௌதிக ஆசிரியரின் இசைவோடு அவர் இருமுறை வந்து சென்றார். மின்சாரம் தாக்கினால் முதலிற் செய்யவேண்டியது என்ன என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அப்பப்பாவின் றேடியோவும் வகுப்பறைக்கு வந்திருந்தது. அதன் மின்கம்பியை அவர் முன்னரே வெட்டிவிட்டார். முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்களுள் நானும் ஒருவன்.