முசியே, வெளியே போகலாமா?

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். சர்க்கரை, பிரஷர், பேரப்பிள்ளைகள், டி.ஏ. எப்போது வரும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன வாரம் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நண்பர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த மாதம் அவருக்கு முதுகில் ஆபரேஷன்.

"கத்திக்கு நான் பயப்படலை. மயக்கம் தெளியுறப்ப ஏதாவது உளறிட்டேன்னா? அவ பக்கத்துலதானே இருப்பா?"

துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் தபால் ஆபீசில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதிலிருந்து மாதாமாதம் விதவைத் தங்கைக்குக் கொஞ்சம் பணம் போகிறது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் பயம் நிஜமான பயம். அவருக்குச் சொன்ன இரண்டு கதைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்று என்னுடையது, மற்றது என் மனைவியுடையது.

மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யலாம் என்று உலகம் நம்பியது 1846 அக்டோபர் 16-ஆம் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை முகரக் கொடுக்க, இன்னொரு மருத்துவர் நோயாளியின் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். கண் விழித்த நோயாளி, கழுத்தை யாரோ சுரண்டின மாதிரி இருந்தது என்று சொன்னாராம். அன்று தொடங்கி, விழித்ததும் நோயாளி என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது ஈதர் இல்லை. பால் போல வெள்ளையாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள், பெயர் புரொபோஃபால். பதற்றம் அடங்க முன்னதாகவே மிடசோலம் என்று ஒன்றும் கொடுப்பது உண்டு. அதைக் கொடுத்தால் அந்த நேரத்தில் நடந்தது பின்னால் நினைவில் தங்காது. அதனால் விழித்ததும் நாம் பேசுவது நமக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கு மட்டும் தெரியும். சிக்கலே அதுதான்.

என் கதை 2016-இல் நடந்தது. ஹெர்னியா ஆபரேஷன். எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. நடந்ததில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. என் மகனும் அங்கிருந்த அட்டெண்டரும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

கண் திறந்ததும் பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண்ணைப் பார்த்துக் கையைத் தூக்கினேனாம், வகுப்பில் பையன்கள் தூக்குகிற மாதிரி. "முசியே, எஸ் க ஜ பு சொர்த்தீர்?" என்றேனாம். கேரளத்துப் பெண் அவர். பதறிப்போய், "டாக்டர், அங்கிள் இந்தி பேசுறாரு!" என்று கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் வந்து என் கையைத் தூக்கச் சொல்கிறார், காலை ஆட்டச் சொல்கிறார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு மறுபடியும் அதே கேள்வி. கூடவே அழுகை.

தரை துடைத்துக்கொண்டிருந்த வயதான அட்டெண்டர்தான் சிரித்தாராம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. "சார், அவர் ஒண்ணுக்குப் போகணும்னு வாத்தியார்கிட்ட பர்மிஷன் கேக்குறாரு" என்றாராம். ஆபரேஷனுக்காகச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். குழாய் இருக்கும்போது போக வேண்டும் போலவே உறுத்திக்கொண்டிருக்கும். அட்டெண்டர் என் பக்கம் குனிந்து, "உய், உய், வா" என்றாராம். நான் அடங்கிவிட்டேன். பிறகு தமிழில் ஒரே ஒரு வார்த்தை கேட்டேனாம், "அம்மா?" என்று. அம்மா போய் அப்போது இருபத்தேழு வருஷம்.

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

1956-இல் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். 1954 நவம்பரிலேயே இங்கே இந்தியக் கொடி ஏறிவிட்டது. ஆனாலும் மில்லில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு, பிரெஞ்சு படித்தவனுக்குச் சோறு நிச்சயம் என்ற நம்பிக்கை போகவில்லை. முதல் நாள் வகுப்பில் எனக்கு அவசரம். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. தமிழில் கேட்கப் பயம். பெஞ்சிலேயே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டவில்லை. அவருக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டில் சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒரு சொல்தா குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவிடம் போய், "வெளியே போகலாமான்னு பிரெஞ்சுல எப்படிக் கேக்குறது?" என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். மறுநாள் எனக்குத் தலை வாரிக்கொண்டே பத்துத் தடவை சொல்ல வைத்தார். அவர் வாயில் அது "முசியே எசுக்கசப்பு சொர்த்தீர்" என்று வரும். இப்போதும் என் காதில் அப்படித்தான் இருக்கிறது.

அன்று வகுப்பில் தைரியமாகக் கை தூக்கிக் கேட்டேன். வாத்தியார் "வா!" என்றார். கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து போய் அவர் மேஜை முன்னால் நின்றேன். வகுப்பே சிரித்தது. பிரெஞ்சில் 'வா' என்றால் 'போ' என்பது எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் பிரெஞ்சு படித்த பலருக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கும்.

1962-இல் எல்லாம் சட்டப்படி இந்தியாவாகி, பிறகு நான் ஆங்கிலத்தில் டைப் அடிக்கக் கற்று எல்.டி.சி.யாகச் சேர்ந்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். நாற்பது வருஷம் ஆபீசில் பிரெஞ்சு தேவைப்பட்டது பழைய பத்திரங்களைப் படிக்க மட்டும்தான். ஆனால் மருந்து விலகியதும் முதலில் வந்து நின்றது அம்மா சொல்லிக்கொடுத்த அந்த வாக்கியம்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. நெதர்லாந்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், கால்பந்தாட்டத்தில் அடிபட்டு முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டான். விழித்ததும் தாய்மொழியான டச்சு அவனுக்குப் பேசவும் வரவில்லை, புரியவும் இல்லை. பள்ளியில் மட்டுமே பேசிய ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு, தான் அமெரிக்காவில் இருப்பதாகச் சாதித்தான். அப்பா அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. மறுநாள் நண்பர்கள் வந்து பார்த்தபோது டச்சு தானாகத் திரும்பி வந்தது. 2022-இல் ஒரு மருத்துவ இதழில் இது வெளியானது. என் மகன் அதைப் படித்துவிட்டு, "அப்பா, நீங்க மட்டும் இல்லை" என்று போன் செய்தான்.

இனி என் மனைவியின் கதை.

அதே 2022. அவளுக்குப் பித்தப்பையில் கல். பல மாதங்களாக, ஏதாவது எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பாள். "என்ன?" என்றால், "ஒண்ணும் இல்லை, வாயு" என்று ஓமத்தண்ணீர் குடிப்பாள். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் வாந்தியும் காய்ச்சலும் வந்து, மகள் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்க வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "இத்தனை கல்லை வெச்சுக்கிட்டு எப்படிம்மா சும்மா இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் சிரித்தாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். நர்ஸ் ஓடி வந்து, "அம்மா ரொம்பப் பேசுறாங்க, எழுந்திரிக்கப் பாக்குறாங்க. தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா அடங்குவாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே போகும் முன் எனக்குப் பச்சை அங்கி, தலைக்குக் குல்லாய், முகத்துக்கு மாஸ்க். தெரிந்த முகத்தில் கண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதுவும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

அவள் என்னைப் பார்த்து, "தம்பி" என்றாள்.

எழுபத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள் என் மனைவிதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, தோள்பட்டை உயிர் போவுது. வெளியில ஒரு பெரியவர் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். அவர்கிட்ட வலிக்குதுன்னு சொல்லிடாதீங்க. பயந்துக்குவார். அவருக்கு ஆபரேஷன் ஆனப்ப அம்மா அம்மான்னு அழுதவர்."

"சரிம்மா" என்றேன்.

"சாப்பிட்டாரான்னு கேளுங்க. காப்பிகூடப் போடத் தெரியாது." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூடிய கண்ணோடு, "எதையும் கேக்க மாட்டார் தம்பி. நல்லவர்தான். ஆனா உக்காந்து கேக்க மாட்டார். கேட்டா சொல்லலாம்" என்றாள்.

கலியாணமாகி அப்போது நாற்பத்தாறு வருஷம். இந்தப் புகாரை அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அங்கே பச்சை அங்கியில் நின்ற யாரோ ஒரு தம்பியிடம் சொன்னாள். நான் மாஸ்க்கை இறக்கி, "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. நர்ஸிடம் மட்டும் தோள்வலியைச் சொன்னேன். வயிற்றுக்குள் செலுத்திய காற்றினால் வரும் வலி, ஓரிரு நாளில் போய்விடும் என்று ஊசி போட்டார்கள்.

சாயந்திரம் வார்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" வலிக்கிறதா என்று கேட்டேன். "சேச்சே, ஒண்ணும் இல்லை" என்றாள். காலையில் பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

நண்பருக்கு இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயமும் சொன்னேன். ஃபைல் பார்த்தவன் புத்தி போகுமா? 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவர் சம்மதம் இல்லாமல் அவருக்கு மயக்க ஊசி போட்டு உண்மை கண்டறியும் சோதனை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சம்மதித்தே செய்தாலும் அந்தப் பேச்சை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. அரை மயக்கத்தில் நிஜமும் கனவும் கலந்துதான் வரும். ஆகவே உளறலுக்காகப் பயப்படாதீர்கள் என்றேன். கோர்ட்டில் அது செல்லாது. எங்கள் வீட்டில் மட்டும் அவள் சொன்னது செல்லும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விழித்ததும் ஒரு மணி நேரம் உளறுவது வேறு. ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து, இடம் தெரியாமல், ராத்திரி பகல் தெரியாமல், இல்லாத ஆள் இருப்பதாகப் பேசுவது வேறு. வயதானவர்களுக்கு இது வருவது உண்டு. வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய், விழித்ததும் சீக்கிரம் போட்டுவிடச் சொல்லுங்கள். இன்ன கிழமை, இன்ன நேரம், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று பக்கத்தில் இருப்பவர் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்க மாத்திரையோ குடிப் பழக்கமோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர், "அப்ப அந்த தபால் ஆபீஸ் கணக்கு?" என்றார். "இன்னைக்கே பாஸ் புத்தகத்தை வீட்டுக்காரம்மா கையில குடுத்துடுங்க" என்றேன். மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாவுக்கு எட்டு வருஷமாகவே தெரியுமாம். பண்டிகைக்கு நாத்தனாருக்குத் தானும் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் ராத்திரி படுக்கும் முன் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எங்க வலிக்குது?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் நாள், "என்ன, புதுசா?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு வாரம் "ஒண்ணும் இல்லை" என்றே பதில். எட்டாம் நாள், "இடது முட்டிதான். மாடிப்படி ஏறினா குத்துது. ரெண்டு வருஷமா இருக்கு" என்றாள்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடமே கேட்டேன். முழுக் கதையையும் அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா காப்பி போடத் தெரியாதுன்னு போட்டா, இப்பக் கத்துக்கிட்டார்னும் சேத்துப் போடுங்க" என்றாள்.

கற்றுக்கொண்டேன். சர்க்கரை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.