காஞ்சியிற் கூடிய எம் சங்கம்

சங்கம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. புலவர் பலர் கூடியிருந்து தமிழாய்ந்தனர் என்னுஞ் செய்தியை இளமையிலேயே கேட்டு வளர்கின்றோம். ஆயினும், அப்புலவர் கூடிய மண்டபத்திற்கு விளக்கெண்ணெய் வாங்கியவர் யாவர், வந்தோர்க்கு உணவு சமைத்தவர் யாவர், அதற்காகிய பொருளுக்குக் கணக்கெழுதியவர் யாவர் என ஒருவரும் வினவுவதில்லை. யாமும் வினவியதில்லை. ஒரு சங்கத்தின் காரியதரிசியாக அமர்ந்து ஆறாயிரம் ரூபாயைக் கையிற் பெற்ற பின்னரே அவ்வினா எமக்குத் தோன்றிற்று. அது தோன்றிய வகையை ஈண்டு உரைக்கப் புகுந்தோம். இதன்கண் எமக்குப் பெருமை தருவது யாதுமில்லை. படிப்போர்க்குப் பயன் சிறிது உளதாகலாம்.

எம் கல்லூரியிலும் அண்டைக் கல்லூரிகள் ஐந்திலும் வரலாற்று மாணவர் மன்றங்கள் உள. ஒவ்வொன்றும் தன் நாற்சுவர்க்குள்ளே கூடும், ஒருவர் வியாசம் படிப்பார், தலைவர் பாராட்டுவார், தேநீருடன் கூட்டம் கலையும். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்கு அங்கு என்ன வேலை எனின், கல்வெட்டுத் தமிழைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தமையின் எம்மையும் சேர்த்துக்கொண்டனர். இவ்வாறு மன்றத்துள் நுழைந்த யாமே, ஆறு மன்றங்களையும் ஒன்றாகப் பிணைத்தல் வேண்டும் என்று முதலிற் பேசியவரும் ஆனோம்.

இக்கருத்து எமக்கே உரியதன்று. 1935-ஆம் ஆண்டிற் பூனா நகரிலே வரலாற்றாசிரியர் பலர் கூடி ஒரு பேரவையைத் தொடங்கினர். 1938-ஆம் ஆண்டில் அலகாபாத்திற் கூடிய இரண்டாம் கூட்டமுதல் அஃது இந்திய வரலாற்றுப் பேரவை என்னும் பெயருடன் நடைபெற்று வருகின்றது. ஊர்தொறும் சென்று கூடுதலும், படிக்கப்பெற்ற கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடுதலும் அதன் வழக்கம். அது பெரும்பாலும் ஆசிரியர்க்குரிய அவை. அயர்லாந்து நாட்டிலோ மாணவரே இப்பணியைச் செய்கின்றனர். அத்தீவு இரண்டு அரசுகளின்கீழ்ப் பிரிந்து நிற்பினும், அங்குள்ள பல்கலைக்கழகங்களின் வரலாற்று மாணவர் சங்கங்கள் ஓரமைப்பின்கீழ் இணைந்து, ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழகத்திற் கூடித் தம் ஆராய்ச்சியைத் தாமே படிக்கின்றன. நாட்டெல்லை தடுக்காத ஒரு காரியத்தைப் பேருந்துக் கட்டணமா தடுக்கும் என்று எண்ணினோம்.

முதற் கூட்டம் எம் கல்லூரியிலேயே நடந்தது. மன்றம் ஒன்றுக்கு ஆயிரமாக ஆறாயிரம் ரூபாய் சேர்ந்தது. யாமே காரியதரிசி; யாமே பொக்கிஷதாரர். கூட்டம் இனிது முடிந்தது. அடுத்த ஆண்டிற் காஞ்சியிற் கூடுவதென்றும், அங்கு விதிகளை வகுத்துச் சங்கத்தை நிலையாக அமைப்பதென்றும் தீர்மானித்துப் பிரிந்தோம்.

காஞ்சியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கற்போர் கூட்டம் இந்நகர்க்குப் பழையது. நான்காம் நூற்றாண்டினனாகிய மயூரசர்மன் தன் ஆசிரியன் வீரசர்மனுடன் காஞ்சியின் கடிகையிற் கற்க வந்தான் என்றும், ஆங்கு ஒரு பல்லவக் குதிரைவீரனோடு பூசல் விளைந்து, நூலை விட்டு வாளை ஏந்திக் கதம்ப அரசை நிறுவினான் என்றும் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகின்றது. மாணவர் பூசல் அரசொன்றை ஈன்ற ஊர் இது! வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களிற் பல்லவர் வரலாறு சிற்பவரிசையாக விளங்குகின்றது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மகப்பேறின்றி இறந்தபின், கடிகையாரும் பிறரும் இரணியவர்மனிடஞ் சென்று அரசனொருவனை வேண்டினர். அவன் மைந்தர் நால்வருள் மூவர் மறுத்தனர். பன்னீராண்டுச் சிறுவனாகிய பல்லவமல்லனே இசைந்தான். அவனே பின்னர் இரண்டாம் நந்திவர்மனாக நெடுங்காலம் ஆண்டவன்.

இச்சிற்பங்களை ஆராய்ந்து நூலெழுதியவர் மீனாட்சி அம்மையார். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவரது பெருநூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1938-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1940-ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயது நிரம்பாமலே, அவர் காலஞ்சென்றார். இச்சிற்பங்களைப் பற்றிய நூல் அவர் மறைந்தபின் 1941-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அச்சுவர்முன் நின்றபோது, தம் வாழ்நாள் சுருங்கியதாயினும் தம் கணக்கை ஒழுங்காக முடித்துச் சென்றவர் இவர் என்று எமக்குத் தோன்றிற்று. கணக்கு என்னுஞ் சொல் ஏன் அப்போது மனத்தில் எழுந்தது என்பதை யாம் அறிவோம், உடனிருந்தோர் அறியார்.

நிற்க. எம் கூட்டம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தில் நடந்தது. அவ்வில்லத்துப் பெரியவரின் பேரர் எம் சங்கத்தவர். ஆறு கல்லூரிகளினின்றும் வந்த இருபத்திருவரும் கூடத்திலும் திண்ணையிலும் அமர்ந்தோம். கூடத்தின் பாதியைத் தறி கொண்டிருந்தது. பெரியவர் எமக்குக் கோர்வை நெசவைக் காட்டினார். சேலையின் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். இரண்டையும் ஒரே நாடாவால் நெய்தல் இயலாது. கரைக்கு வேறு நாடா, உடலுக்கு வேறு நாடா. ஒருபுறக் கரையின் நாடாவை வீச உடனாள் ஒருவர் அமர்தல் வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்புமிடத்தே கோர்வை பிறக்கின்றது. சேலை கிழியினும் கோர்வை பிரியாது என்று அவர் பெருமிதத்துடன் கூறினார். ஆறு மன்றங்களும் தத்தம் நிறம் மாறாமல் ஒன்றையொன்று பற்றுதல் எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை எந்நூலிலும் யாம் கண்டதில்லை.

ஆயின் சனிக்கிழமை மாலைக் கூட்டத்திலே கோர்வையைக் காணோம். தலைமை எக்கல்லூரிக்கு என்பதிற் பூசல் தொடங்கிற்று. மாணவர் தொகை மிகுந்த கல்லூரி தனக்கு இரண்டு வாக்கு வேண்டும் என்றது. பழைய கல்லூரி தன் பழமையைக் கூறிற்று. ஒன்பது மணியளவில் மாணவி ஒருவர் எழுந்து, "தலைமை இருக்கட்டும்; சென்ற ஆண்டுக் கணக்கைக் காரியதரிசி படிக்கலாமே" என்றார். யாம் எழுந்து, "கணக்கேடு விடுதியில் உளது, பின்னர் அனுப்புவோம்" என்றோம். அனைவரும் தலையசைத்தனர். எம்மையே பொதுக் காரியதரிசியாக மீண்டும் அமர்த்தலாம் என்று ஒருவர் முன்மொழியவும் செய்தார்.

கணக்கேடு விடுதியில் இல்லை. எம் பையிலேயே இருந்தது. ஆறாயிரத்தில் 4,720 ரூபாய்க்குச் சீட்டுகள் இருந்தன. 380 ரூபாய் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் சென்றது, சீட்டு இல்லை. எஞ்சிய 900 ரூபாயை, விடுதி உணவுக் கட்டணத்திற்கு இறுதிநாள் வந்தபோது, வீட்டிலிருந்து பணம் வந்ததும் வைத்துவிடுவோம் என்று எடுத்தோம். வீட்டிலிருந்து பணம் வந்தது. வேறு செலவும் வந்தது. அத்தொகை வைக்கப்படவேயில்லை. களவு என்று அதற்குப் பெயரிட எம் நா எழவில்லை. ஆனால் வேறு பெயரும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் ஊரிலுள்ள தேவாலயத்திற்குச் சென்றோம். காணிக்கைப் பை எம்மிடம் வந்தபோது பத்து ரூபாய் இட்டோம். இட்ட கை சுட்டது. எசமான் உக்கிராணக்காரனை அழைத்துக் கணக்குக் கேட்ட உவமையைப் பாலர் வகுப்பில் எத்துணை முறை ஒப்புவித்துப் பரிசு பெற்றிருக்கின்றோம்! அவ்வேவலாளன் யாமே என்று அன்றுவரை எண்ணியதில்லை.

காலையுணவின் பின்னர் அனைவரும் பேருந்தில் உத்திரமேரூர் சென்றோம். காஞ்சிக்குத் தெற்கிலுள்ள இவ்வூரிலும் வைகுந்தப் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவர்களிலேதான் முதற் பராந்தக சோழனின் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த, குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டைப் படித்துக் காட்டுதல் எம் கடன். அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாக விளக்கினோம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர். அவருட் பன்னிருவர் ஆட்டை வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முப்பத்தைந்து வயதிற்கு மேலும் எழுபதிற்கு உள்ளுமாக இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது. பெயரோலைகளைக் குடத்திலிட்டு, முதியவர் ஒருவர் அக்குடத்தை அனைவருங் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்பான். அவன் படித்ததைச் சபையிலிருந்த நம்பிமாரும் படிப்பர். ஒருவன் விரலிடுக்கில் மற்றோர் ஓலை ஒளிந்திருத்தல் கூடும் என்பதை ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர்.

பின்னர் அவ்விதிக்கு வந்தோம். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரையும், அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்கு எழுதலாகாது. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என உறவுமுறை நீண்டு செல்கின்றது. எம் குரல் ஓரிடத்தில் நின்றது. "காரியதரிசி உறவினரை எண்ணுகின்றார்!" என்று ஒருவர் நகையாட, அனைவரும் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை.

திரும்பும் பேருந்திலேயே, பூசலைத் தீர்க்கக் குடவோலையையே கைக்கொள்வோம் என்று முடிவாயிற்று. ஆனால் அப்படியே அன்று. அக்குடத்துள் நிலமுடைய வேதியர் பெயரன்றிப் பிறர் பெயர் புகவில்லை. பெண்டிர் பெயரும் இல்லை. இதனைக் கேட்ட நெசவாளப் பெரியவர், "எங்கள் பாட்டன் பெயரும் அந்தக் குடத்தில் இருந்திருக்காது தம்பி, ஆனாலும் கணக்குக் கேட்டார்களே, அதுமட்டும் சரி" என்றார். ஆகவே நிலமும் மனையும் நீக்கினோம். சங்கத்தவர் யாவரும் தகுதியுடையர் என்றோம். கணக்குக் காட்டாதார் பெயர் எழுதலாகாது என்னும் விதியை மட்டும் மாற்றவில்லை. அவ்விதியை ஏட்டில் எழுதியது எம் கையே.

எழுதி முடித்து, பையிலிருந்த கணக்கேட்டை எடுத்து வைத்தோம். விடுதியில் உளது என்றது பொய் என்றும், 900 ரூபாய் எம் உணவிற்குச் சென்றது என்றும் கூறினோம். ஒருவரும் பேசவில்லை. எம்மை முன்மொழிந்த நண்பர் தலை குனிந்திருந்தார். அதுவே எமக்கு மிகக் கொடிதாயிருந்தது. பெரியவர் தறியினின்று எழாமலே, "தம்பி, பாவில் இழை அறுந்தால் அப்போதே முடிந்துவிடலாம். அறுந்ததை மறைத்து நெய்துகொண்டே போனால் முந்தானை மட்டும் பழுது தெரியும். நீங்கள் கொஞ்சம் தாமதித்து முடிந்திருக்கிறீர்கள்" என்றார்.

சீட்டில்லாத 380 ரூபாயைப் பற்றி வாதம் எழுந்தது. தேநீர் அருந்தியவர்களே சான்று கூறி அதனை ஏற்றனர்; இனிச் சீட்டின்றித் தேநீரும் இல்லை என்று தீர்மானம் நிறைவேறிற்று. 900 ரூபாயை மூன்று திங்களிற் செலுத்துவதாக ஒப்பினோம். எம் பெயர் எழுதப்படவில்லை. ஏனைய பெயர்களை ஒரு பித்தளைக் குடத்திலிட்டனர். இல்லத்துச் சிறுவன் ஒருவன் விளையாட்டினின்று அழைத்து வரப்பெற்று ஓர் ஓலையை எடுத்தான். முதல்நாள் கணக்குக் கேட்ட அம்மாணவியே காரியதரிசியானார். தற்செயல்தான், ஆயினும் யாம் அதனைத் தற்செயல் என்று எளிதில் விட்டுவிடவில்லை.

பள்ளிச் சிறுவர் இருவர்க்கு மாலைதோறும் தமிழ் கற்பித்து அத்தொகையைச் செலுத்தி முடித்தோம். இறுதித் தவணைக்குப் புதிய காரியதரிசி சீட்டு எழுதி, நாளிட்டுக் கையொப்பமும் இட்டுத் தந்தார். அச்சீட்டு எம் வேதப்புத்தகத்தினுள் இருக்கின்றது.

மாணவ அன்பர்காள்! சங்கங்கள் கொள்கை வேறுபாட்டால் கலைவதாக எண்ணுகின்றோம். எம் அளவில், சங்கம் ஒன்று கலையவிருந்தது ஒரு விடுதிக் கட்டணத்தால். தலைவர் உரையும் மாலையும் மறந்துபோகும். கூட்ட நடவடிக்கை ஏடும், வரவு செலவு ஏடும், அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் பெட்டியின் திறவுகோலுமே ஒரு சங்கத்தை அடுத்த ஆண்டிற்குக் கொண்டுசெல்வன. உத்திரமேரூரார் இதனைக் கல்லிற் பொறித்தமைக்குக் காரணம், அவர்கள் நல்லவர்கள் என்பதன்று. தம்மவருள்ளும் எம்மனையார் இருப்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே. வரும் ஆண்டில் எம் சங்கம் மீண்டும் கூடும். அப்போது குடத்தில் எம் பெயர் இருக்குமோ அறியோம். விதிப்படி மூன்றாண்டு செல்லல் வேண்டும். அதுகாறும் கல்வெட்டைப் படித்துக் காட்டும் பணி எமக்கு உண்டு. அதனை, குரல் நில்லாமற் செய்ய இறைவன் துணைபுரிவானாக.